வேலியைப் பார்த்துக்கொள்ளுங்கள்



இந்த இதழ் தோட்டச் சிறப்பிதழ். மொட்டைமாடித் தொட்டிகளைப் பற்றியும் கொல்லைப்புற வாழையைப் பற்றியும் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். என் பக்கத்துக்கு நான் எடுத்துக்கொண்ட தோட்டம் தூரத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் தென்கிழக்கில் கென்ட் மாவட்டம். அங்கே க்ரான்புரூக் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் சிசிங்ஹர்ஸ்ட். ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் பேர் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கும் நாட்டுப்புறத் தோட்டம். தோட்டக்கலையில் கொஞ்சம் பித்துப் பிடித்தவர்கள் யாரைக் கேட்டாலும் இந்தப் பெயரைச் சொல்வார்கள்.

அதை உருவாக்கியவர்கள் விட்டா சாக்வில்-வெஸ்ட் என்ற எழுத்தாளரும் அவர் கணவர் ஹெரால்ட் நிக்கல்சனும். இந்த இரண்டு பெயர்களும் உலகப் புகழ் பெற்றவை. பாம் ஷ்வெர்ட், சிபில் க்ராய்ட்ஸ்பெர்கர் என்று இன்னும் இரண்டு பெயர்கள் உண்டு. இவர்களைத் தொழில் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். 1959 முதல் 1990 வரை அந்தத் தோட்டத்தைக் கட்டிக் காத்தவர்கள் இவர்கள். விட்டாவும் ஹெரால்டும் பெற்றுக்கொடுத்ததை இந்த இருவரும்தான் வளர்த்து ஆளாக்கினார்கள் என்பது என் துணிபு. இதைச் சொல்வதற்குத்தான் இந்த மாதம் இந்தப் பக்கம்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

விட்டா பிறந்து வளர்ந்தது அதே கென்ட்டில், நோல் என்ற மாபெரும் மாளிகையில். ஒரே மகள். ஆனால் பெண் என்பதால் வீடு அவருக்கு வரவில்லை. 1928-ல் அப்பா இறந்ததும் சொத்து சித்தப்பாவுக்குப் போய்விட்டது. பிறந்த வீட்டை இழந்த துக்கம் கடைசிவரை அவருக்கு ஆறவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, 1930-ல், விலைக்கு வந்திருந்த ஓர் இடிபாட்டைப் பார்க்கப் போனார். முதலாம் எலிசபெத் ராணி காலத்து மாளிகை ஒன்றின் மிச்சம் அது. நடுவில் ஓர் உயரமான செங்கல் கோபுரம், அங்கங்கே சுவர்கள், சில குடிசைகள். பதினெட்டாம் நூற்றாண்டுப் போரில் பிடிபட்ட பிரெஞ்சுக் கைதிகளை அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். பிறகு ஏழைகள் விடுதி, பிறகு பண்ணையாட்கள் குடியிருப்பு என்று கைமாறி, குடியிருக்கத் தகுந்த ஓர் அறைகூட இல்லாமல் கிடந்தது. விட்டா பார்த்ததும் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டார்.

தோட்டம் என்று சொல்ல அங்கே என்ன இருந்தது? ஹேசல் கொட்டை மரங்கள் வரிசையாக நிற்கும் ஒரு சிறிய தோப்பு. பெயர் தெரியாத பழைய காலிகா ரோஜா ஒன்று. மற்றதெல்லாம் களையும் குப்பையும்தான். துருப்பிடித்த கட்டில், உடைந்த கலப்பை, மத்தி மீன் டப்பா என்று தலைமுறை தலைமுறையாகக் கொட்டி வைத்திருந்தார்கள். அதை அள்ளி முடிக்கவே ஆண்டுகள் ஆயின. தோட்டம் போட நினைப்பவர்கள் இந்தப் பகுதியை எப்போதும் தாண்டிப் படித்துவிடுகிறோம். பூத்த பிறகு எடுத்த படத்தைத்தான் பார்க்கிறோம்.

கணவனும் மனைவியும் வேலையைப் பிரித்துக்கொண்ட விதம் அழகானது. ஹெரால்ட் கோடு போட்டார், விட்டா நட்டார். எந்தச் சுவரும் இன்னொன்றுக்கு நேராக இல்லாத அந்த இடத்தில் நூல் பிடித்து, வரைபடத் தாளில் கணக்குப் போட்டு, எங்கே நின்றால் எது தெரிய வேண்டும் என்று தீர்மானித்தவர் ஹெரால்ட். உயிர்வேலிகளையும் பழைய சுவர்களையும் வைத்துச் சுமார் 5 ஏக்கரை அறை அறையாகப் பிரித்தார். ஒன்றிலிருந்து பார்த்தால் அடுத்ததன் வாசல் மட்டும் தெரியும், உள்ளே என்ன என்று தெரியாது. அந்த அறைகளில் கொஞ்சமும் கணக்குப் பார்க்காமல், இடமே தெரியாதபடி செடிகளைத் திணித்தவர் விட்டா. ஒரு ரோஜா பாதையில் சாய்ந்தால் அவர் அதை வெட்ட மாட்டார். நடப்பவர்தான் ஒதுங்கிப் போக வேண்டும். கோடு கறாராக இருந்ததால்தான் செடி தாராளமாக இருக்க முடிந்தது.

அவர்கள் உருவாக்கியதிலேயே புகழ்பெற்றது வெள்ளைத் தோட்டம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1950-ஐ ஒட்டி, வெள்ளை, சாம்பல், பச்சை இந்த மூன்று நிறங்கள் மட்டும் வைத்து ஓர் அறை. அந்தி சாய்ந்த பிறகு மற்ற நிறங்கள் மங்கிவிட, வெள்ளை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் தங்கும் அல்லவா, அந்த நேரத்துக்காகப் போட்டது. ஒரு கூகை அதன் குறுக்கே பறந்து போக வேண்டும் என்று விட்டா ஆசைப்பட்டார். நம் ஊரில் கூகை பறந்தால் என்ன சொல்வோம் என்று உங்களுக்கே தெரியும். அவருக்கு அது அந்தத் தோட்டத்தின் பறவை.

இனி, வெளியார் உள்ளே வந்த கதை.

இங்கிலாந்தில் தனியார் தோட்டங்களை மக்களுக்குத் திறந்துவிடும் வழக்கத்துக்குப் பின்னால் ஒரு நல்ல காரியம் இருக்கிறது. 1927-ல் வீடு தேடிச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர்களின் சேவைக்குப் பணம் திரட்ட வேண்டியிருந்தது. எல்ஸி வாக் என்ற பெண்மணி ஒரு யோசனை சொன்னார். நாட்டில் இவ்வளவு நல்ல தோட்டங்கள் இருக்கின்றன, வீட்டுக்காரர்கள் அவற்றைத் திறந்துவைத்து ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கினால் என்ன? அந்த ஓர் ஆண்டில் மட்டும் 609 தோட்டங்கள் திறந்தன. 8,191 பவுண்டு சேர்ந்தது. தேசியத் தோட்டத் திட்டம் என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது. இப்போது ஆயிரக்கணக்கான தோட்டங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. பெரும்பாலானவை வீட்டுத் தோட்டங்கள். வீட்டுக்காரரே வாசலில் நின்று வரவேற்று, தேநீரும் கேக்கும் விற்று, அந்தக் காசையும் உண்டியலில் போடுகிறார். எனக்கு இந்த ஏற்பாட்டின்மீது பெரிய மரியாதை உண்டு.

சிசிங்ஹர்ஸ்ட் 1938-ல் இந்தத் திட்டத்துக்காகத்தான் முதன்முதலில் கதவைத் திறந்தது. பிறகும் வெளியாருக்குத் திறந்துவிட்டார்கள். ஒரு ஷில்லிங் போட்டுவிட்டு உள்ளே வருகிறவர்களை விட்டா செல்லமாக ‘ஷில்லிங்காரர்கள்’ என்ற பொருளில் கூப்பிடுவார். தனிமை விரும்பி அவர். கோபுரத்து அறைக்குள் வீட்டு மனிதர்களைக்கூடச் சுலபத்தில் விட மாட்டார். ஆனால் பூட்ஸும் கையில் கத்தரியுமாகத் தோட்டத்தில் நிற்கும்போது முன்பின் தெரியாத ஒருவர் வந்து ஒரு செடியைப் பற்றிக் கேட்டால் நின்று பதில் சொல்வார். மழையில் நனைந்துகொண்டு ஒரு பூவைக் குனிந்து பார்க்கிறவர்கள் தன் இனம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. போருக்குப் பிறகு அப்சர்வர் வார இதழில் அவர் எழுதிய தோட்டப் பத்தி நாடு முழுவதும் படிக்கப்பட்டது. படித்தவர்கள் பார்க்க வந்தார்கள்.

இங்கே ஜாக் வாஸைச் சொல்லாமல் போக முடியாது. 1939-ல் தலைமைத் தோட்டக்காரராகச் சேர்ந்தவர். போர் வந்தது; அவரும் விமானப் படைக்குப் போக வேண்டியதாயிற்று. கிளம்பும்போது அவர் விட்டாவிடம் சொல்லிவிட்டுப் போனது ஒன்றே ஒன்று: வேலிகளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றதையெல்லாம் பிறகு மீட்டுவிடலாம். அப்படியே நடந்தது. புல்வெளி இடுப்பளவு வளர்ந்து மாட்டுத் தீவனமாயிற்று. பாத்திகளில் களை மண்டியது. ஆனால் யூ மரத்து வேலிகளை ஆண்டுதோறும் வெட்டினார்கள். போர் முடிந்து வாஸ் திரும்பி வந்தபோது கோடுகள் அழியாமல் இருந்தன. செடி ஓர் ஆண்டில் வந்துவிடும், வேலி வளர ஒரு தலைமுறை ஆகும். அவசரத்தில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தெரிந்திருப்பதுதான் தோட்டக்காரனின் படிப்பு என்று நினைக்கிறேன்.

வாஸ் கொண்டுவந்த இன்னொரு பொக்கிஷம் ரோஜாவை வளைக்கும் முறை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வீட்டில் ரோஜா வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும். பழைய ரகப் புதர் ரோஜாக்கள் நீளமான குச்சிகளை மேல்நோக்கி விடும். அப்படியே விட்டால் உச்சியில் நாலு பூ பூத்துவிட்டு, கீழே மொட்டைக் காலாக நிற்கும். காரணம், ஒவ்வொரு குச்சியின் நுனி மொட்டும் ஆக்சின் என்ற ஊக்கியைக் கீழே அனுப்பி, பக்கத்து மொட்டுகள் விழிக்காதபடி அடக்கி வைக்கிறது. குளிர்காலத்தில், இலையெல்லாம் கொட்டியிருக்கும்போது, சிசிங்ஹர்ஸ்ட்டின் தோட்டக்காரர்கள் ஹேசல் குச்சிகளை வில்லாக வளைத்து இரண்டு முனைகளையும் மண்ணில் ஊன்றுகிறார்கள், புதரைச் சுற்றிலும். பழைய மரத்தைக் கழித்துவிட்டு, மிச்சமுள்ள நீளக் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, ஒடியாமல் மெல்ல வளைத்து, நுனியை அந்த வில்லில் கட்டுகிறார்கள். நுனி தாழ்ந்ததும் அதன் அதிகாரம் போய்விடுகிறது. வளைவு முழுக்க உறங்கிக்கொண்டிருந்த மொட்டுகள் கிளைக்கின்றன. ஜூனில் அடியிலிருந்து நுனிவரை பூ. குச்சிக்கு ஏற்ற இழுப்பு, கட்டும் இடம், முள் கிழிக்காமல் பிடிக்கும் வாகு, எல்லாம் பக்கத்தில் நின்று கற்க வேண்டியவை. ஒரு பாத்தியை முடிக்க நாள்கணக்கில் ஆகும். பனியில் கை விறைத்துப் போகும். ஜூனில் படம் எடுக்கிறவர் கண்ணுக்கு அந்த வில் தெரியவே தெரியாது, இலை மூடிவிடும்.

வாஸ் 1957-ல் விலகினார். இரண்டு ஆண்டு கழித்து பாமும் சிபிலும் வந்தார்கள். வந்த விதம் சுவையானது. ஆக்ஸ்ஃபோர்டு அருகே வாட்டர்பெரியில் பீட்ரிக்ஸ் ஹேவர்கல் என்ற அம்மையார் பெண்களுக்காகத் தோட்டக்கலைப் பள்ளி ஒன்றை நடத்திவந்தார். கண்டிப்புக்குப் பேர்போன பள்ளி. இருவரும் அங்கே படித்துத் தேர்ந்தவர்கள். சொந்தமாக ஒரு நர்சரி வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். அதற்காக எழுதிய கடிதம் விட்டா கைக்குப் போய்ச் சேர்ந்தது. இடம் தர என்னிடம் இல்லை, ஆனால் தலைமைத் தோட்டக்காரர் வேண்டும் என்று அவர் பதில் எழுதினார். ஒருவர் கேட்ட இடத்தில் இருவர் சேர்ந்தார்கள். பெரிய தோட்டங்களில் தலைமைப் பொறுப்பு என்றாலே ஆண்கள் என்றிருந்த காலம் அது. நோலைப் பெண் என்பதால் இழந்தவர், தன் தோட்டத்தை இரண்டு பெண்களிடம் கொடுத்தார்.

மூன்று ஆண்டுகூட ஆகவில்லை, 1962-ல் விட்டா காலமானார். ஹெரால்ட் அதன்பின் தளர்ந்துபோய் 1968-ல் போய்ச் சேர்ந்தார். இடையில், 1967-ல், மகன் நைஜல் வாரிசு வரிக்கு ஈடாகத் தோட்டத்தை தேசிய அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். விட்டா உயிரோடு இருந்தபோது இந்தப் பேச்சை எடுத்ததற்கே கொதித்துப்போனவர். ஒரு பொது அமைப்பின் கையில் தோட்டம் உயிரற்றுப் போகும் என்ற பயம் அவருக்கு. நியாயமான பயம். உருவாக்கியவர் போனபின் மாலை போட்ட படம்போல் ஆகிவிட்ட தோட்டங்கள் எத்தனையோ.

சிசிங்ஹர்ஸ்ட் அப்படி ஆகவில்லை என்றால் அதற்குக் காரணம் பாமும் சிபிலும். அவர்கள் முன்னால் இரண்டு சிக்கல்கள் இருந்தன.

ஒன்று, கால்கள். ஒரு குடும்பமும் அவர்கள் விருந்தாளிகளும் நடக்கப் போட்ட புல்பாதையில் ஆயிரக்கணக்கானவர்கள் நடக்கத் தொடங்கினார்கள். அந்த வட்டாரத்து மண் கெட்டிக் களிமண். ஈரத்தில் மிதித்தால் இறுகிவிடும். காற்றும் நீரும் இறங்காது. புல்லின் வேர் மூச்சுத் திணறிச் சாகும். ஒரு மழைக்காலம் போனால் பாதை சேறு. எனவே 1960-களின் கடைசியிலிருந்து பாதைகளைப் படிப்படியாகச் செங்கல்லிலும் யார்க்‌ஷயர் கல்லிலும் போட்டார்கள். தோட்டத்தின் முகம் இதனால் கொஞ்சம் மாறியது. கறாராகிவிட்டது என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் கதவைத் திறந்துவைத்தவர்களுக்கு வேறு வழி இல்லை. பிறகு 1990-களின் தொடக்கத்தில் கூட்டம் மிஞ்சிப்போய், நேரம் குறித்த சீட்டு கொடுத்து, ஒரு தொகுதி உள்ளே போனபின் அடுத்த தொகுதியை விடும்படி ஆயிற்று. திறந்த தோட்டத்தை நடத்துவதில் பாதி வேலை செடியைப் பற்றியதே இல்லை. கழிப்பறை, வண்டி நிறுத்துமிடம், சக்கர நாற்காலி போகுமா என்ற கேள்வி, எந்த மூலையில் கூட்டம் தேங்குகிறது என்ற கவனிப்பு, இவையெல்லாம் சேர்ந்துதான் தோட்டம்.

இரண்டாவது, காலம். விட்டாவின் தோட்டம் ஜூனில் உச்சத்தைத் தொட்டுவிட்டு ஜூலை கடைசியில் களைத்துவிடும். சொந்தத் தோட்டத்தில் அது குற்றமில்லை. ஆனால் செப்டம்பரில் காசு கொடுத்து வருகிறவருக்கு வாடிய பாத்தியையா காட்டுவது? பாமும் சிபிலும் வசந்தத்திலிருந்து அக்டோபர்வரை தோட்டம் தளராமல் நிற்கச் செய்தார்கள். கோடையில் பூத்து ஓய்ந்ததை வெட்டிவிட்டு, அந்த இடத்துக்குத் தயாராக வேறிடத்தில் வளர்த்து வைத்திருந்த செடியைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஒவ்வொரு செடியையும் சோதித்துக் குறிப்பெழுதி, அதைவிட நல்ல ரகம் கிடைத்தால் மாற்றுவார்கள். தோட்டம் முழுவதையும் பார்த்தபடி நடந்து, எது எடுபடவில்லை என்று எழுதிவைப்பார்கள். மென்மையான செடிகளிலிருந்து ஆண்டுதோறும் தண்டு வெட்டிப் பதித்து, குளிர்காலத்தைக் கண்ணாடிக் கூரைக்குள் கடத்துவார்கள். வாடிய பூவைக் கிள்ளுவது நிற்கவே நிற்காது. இத்தனையும் செய்துவிட்டு, இது விட்டாவின் தோட்டம் என்று சொல்லிவிட்டு விலகி நின்றார்கள்.

எல்லாவற்றையும் அவர்களாலும் காப்பாற்ற முடியவில்லை. ஹேசல் தோப்பின் அடியில் விட்டா பல நிறப் பாலியாந்தஸ் செடிகளைக் கம்பளம் விரித்ததுபோல் நட்டிருந்தார். வசந்தத்தில் அதைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். ஒரே இடத்தில் ஒரே செடியைத் திரும்பத் திரும்ப வைத்ததில் மண் நோய்கண்டுவிட்டது. செடிகள் தேய்ந்துகொண்டே போயின. மண்ணுக்கு வைத்தியம் பார்த்தும் பலனில்லை. 1970-களில் அந்தக் கம்பளத்தைக் கைவிட்டு, பெரணிகளும் காட்டுப் பூக்களும் கலந்த வேறொரு நடவைக் கொண்டுவந்தார்கள். முதலாளியம்மாள் ஆசையாக வைத்ததை எடுப்பதற்கு எவ்வளவு யோசித்திருப்பார்கள்! பழையதைப் பிடிவாதமாக வைத்திருந்தால் நோய்கண்ட பாத்தியில் விசுவாசம் மட்டும் மிஞ்சியிருக்கும். அவர்கள் எடுத்தது சரியான முடிவு.

1990-ல் இருவரும் ஒன்றாகவே ஓய்வு பெற்றார்கள். 2006-ல் ராயல் தோட்டக்கலைச் சங்கம் தன் மிக உயர்ந்த விருதான விக்டோரியா பதக்கத்தை இருவருக்கும் கொடுத்தது. பாம் 2009-ல் மறைந்தார்.

தோட்டம் நிற்கவில்லை. 2013-ல் தலைமை ஏற்ற ட்ராய் ஸ்காட் ஸ்மித், தோட்டம் நாளாவட்டத்தில் அளவுக்கு மீறிச் சீராகிவிட்டது என்று கருதினார். விட்டா காலத்தில் இருந்து காணாமல்போன பழைய ரோஜா ரகங்களைத் தேடித் திரும்பக் கொண்டுவந்தார். செடிகளைப் பாதையில் சாயவிட்டார். பாமும் சிபிலும் செய்ததற்கு எதிராக அவர் போகிறார் என்று இதைப் பார்க்க வேண்டியதில்லை. அவர்கள் வேலையை அவர்கள் காலம் கேட்டது. இவர் வேலையை இந்தக் காலம் கேட்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது டீலோஸ் மூலையின் கதை. 1935-ல் விட்டாவும் ஹெரால்டும் கிரேக்கத் தீவான டீலோஸுக்குப் போய், இடிந்த கோயில்களுக்கு இடையே காட்டுப்பூக்கள் பூத்திருந்ததைப் பார்த்து மயங்கி, வீட்டுக்கு வந்து அதேபோல் ஒரு மூலையை அமைத்தார்கள். பலிக்கவில்லை. வடக்குப் பார்த்த இடம், நீர் வடியாத களிமண். வெயில் காய்ந்த பாறைச் செடி அங்கே எப்படிப் பிழைக்கும்? ஏறக்குறைய எல்லோரும் மறந்துபோன அந்த மூலையை அண்மை ஆண்டுகளில் தோட்டக் கலைஞர் டேன் பியர்சனும் ட்ராயும் எடுத்தார்கள். நிலத்தைத் தெற்குப் பக்கம் சாய்த்து, கல்லும் சரளையும் கலந்து நீர் வடியும்படி மண்ணை மாற்றி, மத்தியதரைக் கடல் பகுதிச் செடிகளை நட்டார்கள். உருவாக்கியவர்களால் முடியாமல் போனதை, அவர்கள் போய் அரை நூற்றாண்டு கழித்து, பார்த்துக்கொள்ள வந்தவர்கள் செய்து முடித்தார்கள்.

லண்டன் பக்கம் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் வாசகர்கள் பலர் உண்டு. ஸ்டேப்பிள்ஹர்ஸ்ட் என்ற நிலையம்வரை ரயிலில் ஒரு மணி நேரம். அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். ரோஜாவுக்கு ஜூன் நடுப்பகுதி. வெள்ளைத் தோட்டத்தின் நடுவில் இரும்புப் பந்தலை மூடிக்கொண்டு முலிகானி ரோஜா பூப்பது ஜூலைத் தொடக்கம். கூட்டம் வேண்டாம் என்றால் செப்டம்பரில் போங்கள். கோபுரத்தில் ஏறுங்கள், ஹெரால்டின் கோடுகள் மேலிருந்துதான் புரியும். கீழே இறங்கியபின், பாத்தியில் மண்டியிட்டு வாடிய பூவைக் கிள்ளிக்கொண்டிருக்கும் ஒருவரைக் கட்டாயம் பார்ப்பீர்கள். அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். ஷில்லிங் வாங்கிய காலத்திலிருந்தே கேட்டவருக்குப் பதில் சொல்லும் பழக்கம் அந்தத் தோட்டத்துக்கு உண்டு.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பூங்காவையோ, கோயில் நந்தவனத்தையோ, பள்ளிக்கூடத்துத் தோட்டத்தையோ ஆண்டுக்கணக்காகப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் இருப்பார். அதைத் திறந்து வைத்தவரின் பெயர் கல்வெட்டில் இருக்கும். இவர் பெயர் எங்கும் இருக்காது. அவரிடம் போய்ப் பேசி, அவருடைய சம்மதத்தோடு, என்னென்ன செடியை எப்படிக் காக்கிறார், எந்த மாதம் என்ன வேலை, எதைக் காப்பாற்ற முடியாமல் போயிற்று என்று கேட்டு எழுதுங்கள். நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். வரும் இதழ்களில் அவர்களுக்கென்று பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்